பிளஸ் டூ மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கு: ஆக்குபேஷனல் தெரபி குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு, வணக்கம்.

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டும் பொறுப்பில் இருக்கும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கிய பிறகு, பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து "அடுத்து என்ன?" என்று பேசும் வேலை உங்கள் தோளில் கூடுதலாக ஏறியிருக்கிறது. பல வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் யாரும் கிடையாது. நீங்கள் சொல்வதுதான் அங்கே கடைசி வார்த்தை. அதனால்தான் அரசுக்கோ கல்லூரிகளுக்கோ எழுதும் முன் உங்களுக்கு எழுதத் தோன்றியது.

நான் மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். நோயாலோ விபத்தாலோ முடங்கியவர்கள் சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாடக் காரியங்களைத் தாமே செய்யப் பழக்கும் சிகிச்சை இது. கல்லூரிகளில் இருந்து வார்டு பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. "இந்தப் படிப்பை ஏன் எடுத்தீர்கள்?" என்று அவர்களிடம் கேட்பேன். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எம்.பி.பி.எஸ். கிடைக்கல மேடம், பி.டி.எஸ்.ஸும் கிடைக்கல, பி.பி.டி.யும் (பிசியோதெரபி) நிரம்பிடுச்சு. மிச்சம் இருந்தது இதுதான், ஸ்கூல்ல சார் போடச் சொன்னாங்க." இப்படிச் சொல்லும் பிள்ளைகளில் நன்றாகப் படிப்பவர்கள் உண்டு, கைத்திறன் உள்ளவர்கள் உண்டு. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகள் தோற்றுப்போனவர்கள் போலவே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் படிப்பில் அவர்கள் எதிலும் தோற்கவில்லை. எதற்காகச் சேர்ந்தோம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

என் வேண்டுகோள் இது. கட் ஆஃப் குறைந்த பிள்ளையின் கையில் மிச்சமாக இதைக் கொடுக்காதீர்கள். பொருத்தமான பிள்ளை யார் என்று பார்த்து, மற்ற படிப்புகளைப் பற்றிப் பேசும்போதே இதையும் பேசுங்கள். பேசும்போது இதில் உள்ள சிரமத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்படிச் சொல்ல, அந்த வேலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நோயாளியிடமிருந்து தொடங்குகிறேன்.

பக்கவாதம் வந்து வார்டில் இருக்கும் பெரியவர் ஒருவர். மூளையின் வலப்பக்கம் அடிபட்டிருக்கிறது, இடது கையும் காலும் விழுந்துவிட்டன. உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டது. சாப்பிட உட்கார வைக்கிறோம். தட்டின் வலது பாதியில் இருக்கும் சோற்றை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடும்மா, பத்தல" என்கிறார். இடது பாதியில் சோறும் பொரியலும் தொடாமல் அப்படியே கிடக்கின்றன. மனைவிக்குக் கோபம் வருகிறது, பிறகு பயம் வருகிறது. கண்ணைப் பரிசோதித்தால் கண் நன்றாக இருக்கிறது. தன் இடப்பக்கத்தில் ஓர் உலகம் இருப்பதையே அவருடைய மூளை கவனிக்கவில்லை. முகத்தில் இடப்பக்கம் சவரம் செய்யாமல் விட்டிருப்பார். சட்டையின் இடது கை தொங்கிக்கொண்டிருக்கும். இவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பினால், சாலையைக் கடக்கும்போது இடப்பக்கம் வரும் பஸ் அவருக்குத் தெரியாது.

இந்த இடத்தில்தான் எங்கள் வேலை தொடங்குகிறது. தட்டின் இடது விளிம்பில் பளிச்சென்று சிவப்பு நாடா ஒட்டுவோம். அந்த நாடா கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக்குவோம். அவருக்குப் பிடித்த அப்பளத்தை இடப்பக்கம் வைக்கச் சொல்வோம். பேரன் வந்தால் இடப்பக்கம் உட்கார்ந்து பேசச் சொல்வோம். சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் அரை மணி நேரம் போராடினாலும் சட்டை ஏறாது. இதைக் கற்றுக்கொண்ட அன்று, மனைவியின் உதவி இல்லாமல் அவர் தானே சட்டை போட்டுக்கொள்வார். பார்ப்பவர்களுக்கு அது சாதாரணமான காரியமாகத் தெரியும். அதற்குப் பின்னால் நரம்பியல் இருக்கிறது, உடற்கூறியல் இருக்கிறது, உளவியல் இருக்கிறது, அந்த வீட்டின் அமைப்பு பற்றிய விசாரணையும் இருக்கிறது.

வலது கை விழுந்தால் கதை வேறு. நம் ஊரில் இடது கையால் சோறு தின்ன மனம் ஒப்பாது. "அந்தக் கையால சாப்பிடுறதுக்குப் பட்டினி கிடப்பேன்" என்று அழுத பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். வலது கையில் எவ்வளவு அசைவு திரும்பும், எத்தனை மாதம் ஆகும், அதுவரை தடித்த பிடி போட்ட கரண்டி போதுமா, விளிம்பு உயர்ந்த தட்டு வேண்டுமா, குந்தி உட்காரும் கழிப்பறைக்கு என்ன மாற்று என்பதையெல்லாம் கூச்சமில்லாமல் உட்கார்ந்து பேச வேண்டும். பிசியோதெரபி நண்பர்கள் அவரை நிற்க வைக்கிறார்கள், நடக்க வைக்கிறார்கள். அவர்கள் செய்வது பெரிய வேலை, எங்களுக்கும் அவர்களுக்கும் பாதி வழி ஒன்றுதான். நடந்து எங்கே போகப்போகிறார், போய் அங்கே என்ன செய்யப்போகிறார் என்பது எங்கள் கேள்வி.

இன்னொரு பக்கம் கை. கரும்பு அரவை இயந்திரத்தில் விரல் சிக்கியவர்கள், கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போனவர்கள், சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு விபத்தில் வெந்தவர்கள் நம் மாவட்டங்களில் குறைவில்லை. அறுவை சிகிச்சை நிபுணர் தசைநாணைத் தைத்துக் கொடுத்துவிடுவார். தைத்த நாண் அறுந்துபோகாமலும், சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்ளாமலும் எந்த வாரம் எவ்வளவு அசைக்கலாம் என்று கணக்குப் பார்த்து அசைக்க வைக்க வேண்டும். வெந்த கையைச் சும்மா விட்டால் தோல் சுருங்கி விரல்கள் பறவையின் நகம்போல் மடங்கிவிடும். அதனால் வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டை எடுத்து, சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு, அந்தக் கையின் மேலேயே வைத்து, கையைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் வடிக்கிறோம். மணிக்கட்டு சற்று மேல்நோக்கி, விரல் அடிமூட்டுகள் மடங்கி, விரல்கள் நீட்டி நிற்கும் நிலை வேண்டும். தகடு இறுகச் சில நிமிடங்கள்தான் ஆகும். அதற்குள் கோணம் சரியாக அமைய வேண்டும். தையல் தெரிந்த பிள்ளை, களிமண்ணில் உருவம் செய்யும் பிள்ளை, வீட்டில் ரேடியோவைப் பிரித்து மாட்டும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால் இந்த வேலையை நினைத்துப் பாருங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்கென்றே ஒரு துறையை வளர்த்தெடுத்த மாநிலம் இது. அங்கே அறுவையும் மறுவாழ்வும் ஒன்றாகவே பேசப்பட்டன.

வேலூரை விட்டுவிட்டு இந்தத் தொழிலைப் பற்றித் தமிழ்நாட்டில் பேச முடியாது. சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை செய்து நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தது, ஆனால் உணர்ச்சி திரும்பவில்லை. உணர்ச்சி இல்லாத கை சுடச்சுட எவர்சில்வர் டம்ளரைப் பிடிக்கும், தோல் வெந்து கொப்பளித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். ஆகவே டம்ளரைத் துணியால் பிடிப்பது, மரப்பிடி போட்ட கரண்டி, வேலை முடிந்ததும் தினமும் கையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் சிகிச்சையின் பகுதி ஆயின. அதே மருத்துவமனையில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் முதுகுத்தண்டு பாதித்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. அவரைப் பற்றி உங்கள் மாணவிகளுக்கு ஒரு வகுப்பு நேரம் ஒதுக்கிச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்தியாவில் இந்தப் படிப்பைத் தொடங்கி வைத்தவரும் ஒரு பெண்தான். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்த நாட்டையே தன் நாடாக்கிக்கொண்ட கமலா நிம்ப்கர் 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் முதல் பள்ளியை ஆரம்பித்தார். 1952-இல் அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் சங்கம் உருவானது. அதே ஆண்டு தொடங்கிய ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பில் இந்தியாவும் நிறுவன உறுப்பினர். அந்த அளவுக்கு வயதான ஒரு தொழிலை இன்னமும் "ஏதோ புதுசா வந்திருக்கிற கோர்ஸ்" என்று பெற்றோரிடம் அறிமுகப்படுத்துகிறார்கள்.

ஆசிரியர்களுக்கு இதை எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்களிடம் வரும் பிள்ளைகள் முதலில் உங்கள் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் வாயால் கேட்டால் அத்தனையும் சொல்வான், எழுதச் சொன்னால் பாதிப் பக்கத்தில் கை வலிக்கிறது என்பான். எழுத்து கோட்டுக்கு மேலும் கீழும் அலையும். பென்சிலை முறிந்துபோகும் அளவுக்கு அழுத்துவான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்ளும் பெண், சட்டைப் பட்டனைப் போடத் தெரியாமல் நடுநிலைப் பள்ளி வரை வந்துவிட்ட பையன், வரிசையில் யார் உரசினாலும் அடிக்கப் பாயும் பிள்ளை என்று உங்களுக்கே நிறைய முகங்கள் நினைவுக்கு வரும். சோம்பேறி, அடங்காதவன் என்று பெயர் வாங்கிய இவர்களில் சிலருக்கு உண்மையிலேயே தொடுதல், ஒலி, உடல் சமநிலை ஆகியவற்றை மூளை ஒழுங்குபடுத்துவதில் சிக்கல் இருக்கிறது. இந்தத் துறையில் கலிபோர்னியாவின் ஜீன் அயர்ஸ் செய்த ஆய்வுகள்தான் அடிப்படை. அவரும் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். மேசை உயரம், கால் தரையில் படுகிறதா, பென்சில் பிடி, விரல்களின் வலு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் பல பிள்ளைகளின் எழுத்து தேறுகிறது. அஞ்சாங்கல்லும் பல்லாங்குழியும் எங்கள் அறையில் சிகிச்சைச் சாமான்கள். கோலம் போடும் பிள்ளைக்குக் கட்டைவிரலும் இரண்டு விரல்களும் சேர்ந்து பொடியை அளவாக விடும் பயிற்சி தன்னால் வந்துவிடுகிறது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் வாங்கித் தருவதற்கு நீங்கள் அலைந்திருப்பீர்கள். அந்தச் சான்றிதழுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சியைக் கொடுக்க ஆள் வேண்டாமா? அந்த ஆள் இன்று உங்கள் பிளஸ் டூ வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருக்கலாம்.

மனநலம் பற்றி ஒரு வார்த்தை. 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் நோயாளிகள் வேலை கற்றுக்கொள்ளத் தொழில் சிகிச்சை மையம் நடத்தப்பட்டது. அந்த மருத்துவமனையின் முதல் பெண் கண்காணிப்பாளரான டாக்டர் சாரதா மேனன், 1984-இல் 'ஸ்கார்ஃப்' அமைப்பை நிறுவி, மனச்சிதைவு உள்ளவர்கள் மறுபடி வேலைக்குப் போக வழி செய்தார். பல ஆண்டுகள் வார்டிலேயே இருந்துவிட்ட ஒருவருக்கு மாத்திரை மட்டும் போதாது. பஸ் ஏறி டிக்கெட் எடுக்க வேண்டும், சில்லறையை எண்ணி வாங்க வேண்டும், உலையில் அரிசி போட வேண்டும், காலையில் எழுந்து குளித்துவிட்டு ஓர் இடத்துக்குப் போக வேண்டும். இவற்றை ஒவ்வொரு படியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது எங்கள் படிப்பின் மையப் பாடம். வார்டுக்கு வெளியே இருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். எங்கள் பட்டதாரிகளே மறந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

இனி வேலைவாய்ப்பு. இதைத்தான் நீங்கள் மாணவரிடம் நேர்மையாகப் பேச வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் எங்களுக்கான பணியிடங்கள் மிகக் குறைவு. பிசியோதெரபிஸ்ட் பணியிடங்களோடு ஒப்பிடவே முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே போய் பிசியோதெரபி கொடுக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது, அந்த வண்டியில் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் ஏறினால் எத்தனை படுக்கை நோயாளிகள் எழுந்து கழிப்பறை வரை தாமாகப் போவார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. உலக வங்கி உதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தின் கீழ் மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள 'விழுதுகள்' மையங்கள் நல்ல தொடக்கம். அங்கே எங்களுக்கும் இடம் உண்டு. தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் குறைவுதான், படித்த ஆண்டுகளுக்கு ஏற்ற தொகையாக அது இருக்காது. பட்டம் பெற்றவர்களில் பெரும்பகுதியினர் பெருநகரங்களின் குழந்தைகள் சிகிச்சை மையங்களுக்குப் போய்விடுகிறார்கள், ஏனென்றால் வேலை அங்கேதான் உடனே கிடைக்கிறது. கை சிகிச்சையும் பக்கவாதமும் மனநலமும் ஆள் இல்லாமல் கிடக்கின்றன. மாவட்டத் தலைநகரங்களில் இவற்றைச் செய்யத் துணிந்து உட்காரும் பிள்ளைக்கு முதல் சில ஆண்டுகள் சிரமம் இருக்கும். பிறகு டாக்டர்களே நோயாளிகளை அனுப்பத் தொடங்குவார்கள்.

வெளிநாட்டு ஆசை காட்டி மட்டும் யாரையும் சேர்த்துவிடாதீர்கள். பிரிட்டனில் தனியாகப் பதிவு பெற வேண்டும். அமெரிக்காவில் 2007 முதல் நுழைவுத் தகுதியே முதுநிலைப் பட்டம், அதற்கு மேல் தேசியத் தேர்வும் இருக்கிறது. முடியாத காரியம் இல்லை, நம் பிள்ளைகள் பலர் போயிருக்கிறார்கள். பணமும் காலமும் எவ்வளவு ஆகும் என்று குடும்பத்துக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

2021-இல் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. எங்கள் தொழிலும் அதில் தனிப் பிரிவாக வருகிறது. பதிவு இல்லாமல் யாரும் தொழில் செய்யக் கூடாது என்ற நிலைக்கு அது கொண்டுசெல்கிறது. எங்களுக்கு இது பல ஆண்டுக் கோரிக்கை. ஏனென்றால் மூன்று மாதச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு "தெரபி சென்டர்" போர்டு மாட்டுபவர்கள் தெருவுக்குத் தெரு முளைத்துவிட்டார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாய் நகையை அடகு வைத்து அங்கே பணம் கட்டுகிறார். உங்கள் மாணவர்கள் யாரும் அந்த மாதிரிச் சான்றிதழ் வகுப்பில் போய்ச் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழுநேரப் பட்டப்படிப்பு ஒன்றே வழி. பழைய பாடத்திட்டத்தில் ஆறு மாதப் பயிற்சிக் காலத்தோடு நான்கரை ஆண்டுகள். ஆணையம் வந்த பிறகு பாடத்திட்டமும் சேர்க்கை விதிகளும் மாறிவருகின்றன, ஆகவே சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். பல்கலைக்கழக இணைப்பும் உலகக் கூட்டமைப்பின் அங்கீகாரமும் இருக்கிறதா என்று கேளுங்கள். பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்பது அதைவிட முக்கியம். உலகக் கூட்டமைப்பின் குறைந்தபட்ச அளவுகோலே 1,000 மணி நேரக் களப்பயிற்சி. குழந்தைகள் மையத்தில் மட்டுமே அந்த நேரத்தை ஓட்டிவிடும் கல்லூரி வேண்டாம். நரம்பியல் வார்டு, எலும்பு வார்டு, தீக்காய வார்டு, மனநல வார்டு எல்லாவற்றையும் பிள்ளை பார்த்துவிட்டு வர வேண்டும். வேலூர் தவிர, கட்டக், கொல்கத்தா, டெல்லி ஆகிய இடங்களில் மத்திய அரசின் தேசிய நிறுவனங்கள் இந்தப் பட்டப்படிப்பை நீண்ட காலமாக நடத்துகின்றன. அங்கே கட்டணம் குறைவு. நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கள்கூடத் தெரிவதில்லை.

யாருக்குப் பொருந்தும்? மனிதர்கள் ஒரு வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று உற்றுப் பார்க்கும் பிள்ளைக்கு. ஒரே விஷயத்தைப் பத்து விதமாகச் சொல்லிப் பார்க்கும் பொறுமை உள்ள பிள்ளைக்கு. எச்சில், சிறுநீர், மலம் என்றால் முகம் சுளிக்காத பிள்ளைக்கு. உடற்கூறியலை மனப்பாடம் செய்யத் தயங்காத பிள்ளைக்கு. "பொண்ணுங்களுக்கு ஏத்த வேலை" என்று சொல்லி ஆண் பிள்ளைகளை ஒதுக்காதீர்கள். ஆண் நோயாளிக்குக் குளிக்கவும் கழிப்பறை போகவும் பழக்க ஆண்கள் தேவை. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு ஆளை மாற்றத் தெம்பும் தேவை. தயவுசெய்து இதைச் சேவை என்று சொல்லி மட்டும் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். சேவை மனம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் எங்களுக்குச் சம்பளம் குறைக்கிறார்கள், அந்தப் பெயரைச் சொல்லித்தான் இதன் அறிவியலை மாணவர் கண்ணிலிருந்து மறைக்கிறார்கள். இது உரிய ஊதியத்துக்குச் செய்ய வேண்டிய, கடினமாகப் படித்துத் தேற வேண்டிய தொழில்.

கடைசியாக ஒரு காரியம் கேட்கிறேன். பிளஸ் ஒன் முழு ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு, ஆர்வமுள்ள நாலைந்து பிள்ளைகளை உங்கள் மாவட்டத்தில் மறுவாழ்வுத் துறை உள்ள மருத்துவமனைக்கு ஒரு காலைப் பொழுது அழைத்துப் போங்கள். தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு துறைத் தலைவருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும். போனைப் பைக்குள் வைத்துவிடச் சொல்லுங்கள், நோயாளிகளைப் படம் எடுக்கக் கூடாது. ஓ.பி. கூட்டம் குறையும் பதினொரு மணிக்கு மேல் வந்தால் எங்களாலும் நின்று பேச முடியும். ஸ்பிளின்ட் வடிக்கும் நாளாகப் பார்த்து வந்தால் இன்னும் நல்லது. எந்த நாள் என்று முதல்நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்,
மதுரை